நகரம் அளந்து தந்த ஆடுகளம்: பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ்

பால்டிமோர் நகரின் கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் மைதானத்தில், வலப்புற எல்லைச் சுவருக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் நீண்ட செங்கல் கட்டடம் விளையாட்டுக்காகக் கட்டப்பட்டதன்று. பால்டிமோர் அண்டு ஒஹாயோ ரயில் நிறுவனம் தன் சரக்குகளை வைப்பதற்காக 1905இல் கட்டி முடித்த கிடங்கு அது. எட்டு மாடி உயரமும் ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட நீளமும் கொண்ட அதன் அகலம் வெறும் 51 அடிதான். அமெரிக்கக் கிழக்குக் கரையிலேயே நீளமான செங்கல் கட்டடம் என்று அதைச் சொல்வதுண்டு. ரயிலில் வந்த சரக்கு லாரிக்கு மாறிய பின் கிடங்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1980களின் பிற்பகுதியில் அந்த இடத்தில் மைதானம் அமைக்கும் பேச்சு எழுந்தபோது, பாழடைந்து கிடந்த அதனை இடித்துவிடுவதே பலருக்கு இயல்பான வழியாகத் தோன்றியது. இடித்திருந்தால் பால்டிமோருக்கு வசதியான ஒரு புதிய மைதானம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இடிக்காமல் விட்டதால், அதற்குப் பின் அமெரிக்காவில் கட்டப்பட்ட ஏறக்குறைய எல்லா பேஸ்பால் மைதானங்களும் திரும்பிப் பார்த்த ஒரு முன்மாதிரி உருவானது.

அந்த மைதானம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை பேஸ்பாலில் இல்லை, அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. 1984 மார்ச் 28ஆம் தேதி இரவு, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் உரிமையாளர் அணியின் உடைமைகள் அனைத்தையும் லாரிகளில் ஏற்றி, இரவோடு இரவாக இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு அனுப்பிவிட்டார். அணிகள் தனியார் சொத்தாக இருக்கும் நாட்டில் ஓர் அணி ஊரைவிட்டுப் போவது புதிதன்று. ஆனால் மூன்று பத்தாண்டுகள் தங்கள் வாழ்வின் பகுதியாக இருந்த ஒன்று ஒரே இரவில் கைநழுவிப் போனதை அந்நகரம் எளிதில் மறக்கவில்லை. எஞ்சியிருந்தது ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி. 1954இல் செயின்ட் லூயிஸிலிருந்து வந்த அந்த அணி, 33ஆம் தெருவில் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் ஆடிவந்தது. 1979இல் அதை வாங்கிய எட்வர்டு பென்னட் வில்லியம்ஸ் வாஷிங்டனின் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1971இல் தன் பேஸ்பால் அணியை இழந்திருந்த வாஷிங்டனோ பால்டிமோரிலிருந்து சுமார் 40 மைல் தொலைவில்தான் இருக்கிறது. பால்டிமோர் மக்களின் அச்சம் காரணமில்லாததன்று.

1971 முதல் நகர மேயராகவும், 1987 முதல் மேரிலாந்து மாநில ஆளுநராகவும் இருந்த வில்லியம் டொனால்டு ஷேஃபர் இந்த அச்சத்தைத் தன் அரசியல் வலிமையாக மாற்றிக்கொண்டார். 1986இல் மேரிலாந்து விளையாட்டரங்க ஆணையம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டு, சிறப்பு லாட்டரிகளின் வருவாயைக் கொண்டு மைதானம் கட்ட மாநிலச் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது. பொதுப் பணத்தைத் தனியார் அணிக்குச் செலவிடுவது குறித்து மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர்களுக்கு நீதிமன்றம் இடம்தரவில்லை. அந்த வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்ற கேள்வி சுவையானது. அது கேட்கப்படாமலே போனது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

குத்தகை ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட விதம் ஒரு நாடகம்போல அமைந்தது. 1988 பருவத்தின் முதல் 21 ஆட்டங்களையும் ஓரியோல்ஸ் தோற்றது. மேஜர் லீக் எனப்படும் பெரு லீக் வரலாற்றில் அத்தகைய தொடக்கத்தை அதற்கு முன் எந்த அணியும் கண்டதில்லை. ஒருவழியாக ஓர் ஆட்டத்தை வென்று, மே 2ஆம் தேதி ஊர் திரும்பிய அணியை வரவேற்க 50,000க்கும் மேற்பட்டோர் மெமோரியல் ஸ்டேடியத்தில் திரண்டனர். அந்தக் கூட்டத்தின் முன்னிலையில்தான், நகரின் மையப் பகுதியில் புதிய மைதானம் வரப்போகிறது, ஓரியோல்ஸ் நீண்ட காலக் குத்தகையில் இங்கேயே இருக்கும் என்ற செய்தி வெளியிடப்பட்டது. புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்த வில்லியம்ஸ் அந்த ஆகஸ்டில் காலமானார். மைதானத்தை அவர் காணவில்லை.

இங்கே, அந்தக் காலத்து அமெரிக்க மைதானங்கள் எப்படி இருந்தன என்பதைச் சொல்லியாகவேண்டும். 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்டவை பெரும்பாலும் வட்ட வடிவக் கான்கிரீட் கிண்ணங்கள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ் ஆகிய நான்கு நகரங்களிலும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவைபோல அவை எழுந்தன. பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து இரண்டையும் ஒரே அரங்கில் ஆடவேண்டும் என்பதே அவற்றின் அடிப்படைக் கணக்கு. பேஸ்பாலின் களம் விசிறிபோல் விரிவது. கால்பந்தின் களம் செவ்வகம். இரண்டுக்கும் பொதுவாக வட்டம் போட்டால், இரண்டு விளையாட்டுகளின் ரசிகர்களும் களத்திலிருந்து விலகியே உட்கார நேரும். பலவற்றில் புல்லுக்குப் பதில் செயற்கை விரிப்பு. நகரங்களின் புறப்பகுதியில் நெடுஞ்சாலையை ஒட்டி, கார் நிறுத்தும் பரந்த வெளிகளின் நடுவே நின்ற அரங்குகளும் பல; உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிய வாய்ப்பே இல்லை.

கேம்டன் யார்ட்ஸை வடிவமைக்கும் பொறுப்பு கேன்சஸ் சிட்டியைச் சேர்ந்த ஹெச்.ஓ.கே. ஸ்போர்ட் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அந்த நிறுவனத்தை மட்டும் பார்த்தால் இப்படியொரு மைதானத்தை எதிர்பார்க்கவே முடியாது. சிகாகோவில் 1991இல் திறக்கப்பட்ட புதிய கொமிஸ்கி பார்க்கும் அவர்களுடையதுதான். அதன் மேல்மாடம் செங்குத்தாகவும் களத்திலிருந்து வெகு தொலைவிலும் அமைந்து, திறந்த சில ஆண்டுகளிலேயே குறைகூறலுக்கு ஆளாயிற்று. அதே வேளையில், பஃபலோ நகர மையத்தில் சிறிய லீக் அணிக்காக 1988இல் அவர்கள் கட்டிய மைதானம் வேறொரு திசையைக் காட்டியிருந்தது. எந்தத் திசையில் செல்வது என்பதைத் தீர்மானித்தவர்கள் ஓரியோல்ஸ் தரப்பினர்: அணி நிர்வாகத்தின் தலைவர் லாரி லூகினோ, அவர் பணியமர்த்திய கட்டடக்கலைஞர் ஜேனட் மேரி ஸ்மித். பழைய நகர மைதானங்களின் நெருக்கத்தையும் ஒழுங்கின்மையையும் விரும்பிய அவர்கள், வழக்கமான வார்ப்பை ஏற்க மறுத்தார்கள். ஹெச்.ஓ.கே. தரப்பில் ஜோசப் ஸ்பியர் அந்த விருப்பத்துக்கு வடிவம் தந்தார். கிடங்கைக் காப்பாற்றியது யார் என்பதில் மட்டும் இன்றுவரை உரிமைப் போட்டி உண்டு. 1987இலேயே சைராக்யூஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர் ஒருவர், கிடங்கை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் மைதானம் அமையும் திட்டத்தைத் தன் ஆய்வுப் படைப்பாக வரைந்திருந்தார். வெற்றி பெற்ற கட்டடத்துக்குத் தந்தையர் பலர் இருப்பதில் வியப்பில்லை.

கிடங்கு நின்றுவிட்டதால் என்ன நேர்ந்தது என்பதைப் பேஸ்பாலின் ஒரு விதியைக் கொண்டுதான் விளக்கமுடியும். பந்தெறிபவரின் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையிலான 60 அடி 6 அங்குலம், அடுத்தடுத்த தளங்களுக்கு இடையிலான 90 அடி ஆகியவை எங்கும் மாறாதவை. ஆனால் எல்லைச் சுவர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்பதில் நிறையச் சுதந்திரம் உண்டு. கிரிக்கெட்டிலும் எல்லைக்கோடு மைதானத்துக்கு மைதானம் மாறுவதால் நமக்கு இது அயலான செய்தியன்று. ஆயினும் கிரிக்கெட்டில் அந்த வேறுபாட்டை ஒரு கயிற்றை இழுத்து மாற்றிவிடலாம். பேஸ்பாலில் அது சுவராக எழுந்து நிற்கிறது. அதில் மோதித் திரும்பும் பந்தும் ஆட்டத்தின் பகுதி. கேம்டன் யார்ட்ஸில் வலப்புற மூலை 318 அடியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் யூட்டா தெரு, தெருவுக்கப்பால் கிடங்கு. தூரம் குறைந்ததை ஈடுசெய்யச் சுவரை 25 அடி உயரத்துக்கு எழுப்பி, அதில் மற்ற நகரங்களில் நடக்கும் ஆட்டங்களின் நிலவரம் காட்டும் பலகையைப் பொருத்தினார்கள். இடப்புற மூலையோ 333 அடியில் ஏழடி உயரச் சுவருடன் இருந்தது. நடுவில் 400 அடி. இந்த ஒழுங்கின்மை யாரோ அழகுக்காகக் கற்பனை செய்ததன்று. அங்கே கட்டடம் இருந்தது, தெரு இருந்தது, களம் அவற்றுக்கு இணங்கி வளைந்துகொடுத்தது. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் பழைய மைதானங்கள் 1910களில் இப்படித்தான் வடிவம் பெற்றன.

மைதானத்தின் மிக நல்ல பகுதி எது என்று என்னைக் கேட்டால் யூட்டா தெருவைத்தான் சொல்வேன். சுமார் 60 அடி அகலமுள்ள அந்தத் தெருத் துண்டை வாகனங்களுக்கு மூடி, கிடங்குக்கும் இருக்கைகளுக்கும் நடுவே நடைபாதையாக மாற்றினார்கள். ஆட்டமில்லாத நாளில் எவரும் அதன் வழியே நடந்துபோகலாம். ஆட்ட நாளில் சீட்டு வைத்திருப்பவருக்கு அது மைதானத்தின் உட்புறம். முன்னாள் ஓரியோல்ஸ் வீரர் பூக் பவல் தொடங்கிய இறைச்சி வாட்டும் கடை 1992 முதல் அங்கே புகைந்துகொண்டிருக்கிறது. ஹோம் ரன், அதாவது எல்லைச் சுவரைத் தாண்ட அடிக்கப்பட்ட பந்து ஒன்று, வலப்புறச் சுவரையும் இருக்கைகளையும் தாண்டி நேராக இத்தெருவில் வந்து விழுமானால், விழுந்த இடத்தில் வெண்கலத் தகடு ஒன்றைப் பதித்து, அடித்தவரின் பெயரையும் தூரத்தையும் பொறித்துவைக்கிறார்கள். முதல் தகட்டுக்கு உரியவர் எதிரணி வீரர்தான்: டெட்ராய்ட் டைகர்ஸின் மிக்கி டெட்டில்டன், 1992 ஏப்ரல் 20. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகள் காலடியில் கிடக்கின்றன. கிடங்கின் சுவரையே நேராகத் தொட்ட பந்து ஒன்றே ஒன்றுதான். 1993 ஜூலை 12 அன்று, நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஒட்டி நடந்த ஹோம் ரன் போட்டியில் கென் கிரிஃபி ஜூனியர் அதை அடித்தார். முறையான ஆட்டத்தில் அது இன்றுவரை எவருக்கும் வாய்க்கவில்லை.

மற்ற சிறப்புகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். களம் தெரு மட்டத்திலிருந்து 16 அடி தாழ்வாக இருப்பதால், வெளியிலிருந்து பார்க்கையில், தொடக்கத்தில் 48,000 பேர் அமரும்படி கட்டப்பட்ட அரங்கம் அவ்வளவு பெரியதாகத் தோன்றுவதில்லை. மேல்மாடத்தைத் தாங்குவது கான்கிரீட் அல்ல, கண்ணுக்குத் தெரியும்படி விடப்பட்ட எஃகுச் சட்டகம். புறச்சுவரில் செங்கல் வளைவுகள். இருக்கைகள் கரும்பச்சை நிறப் பட்டிகளால் ஆனவை. நடைவழியை ஒட்டிய இருக்கைகளின் பக்கவாட்டில் 1890களின் பால்டிமோர் அணிச் சின்னம் வார்க்கப்பட்டிருக்கிறது. பச்சைக் கடலில் இரண்டே இருக்கைகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. ஒன்று கால் ரிப்கன் ஜூனியர் 1993இல், ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் களத்தடுப்பாளர்) வீரராகத் தம் 278ஆவது ஹோம் ரன்னை அடித்து எர்னி பேங்க்ஸின் சாதனையைத் தாண்டியபோது பந்து விழுந்த இடம். மற்றொன்று எடி மரே 1996இல் அடித்த 500ஆவது ஹோம் ரன்னின் இடம். நடுக்களத்துக்கு மேலிருந்த பலகையில் 'தி சன்' நாளிதழின் பெயர் பல ஆண்டுகள் விளம்பரமாக நின்றது. அதன் ஆங்கில எழுத்துகளில் 'ஹெச்' மின்னினால் அடி செல்லும், 'இ' மின்னினால் களத்தடுப்புப் பிழை என்று ஆட்டத்தின் தீர்ப்பையே அந்த விளம்பரம் அறிவித்த சாதுரியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

அந்நிலத்துக்கு விளையாட்டைவிட மூத்த வரலாறும் உண்டு. மைதானத்தின் வடபுறத்தில் நிற்கும் கேம்டன் நிலையம் 1850களைச் சேர்ந்தது. அக்காலத்தில் நகரின் நடுவே ரயில் எஞ்சின்களுக்கு அனுமதியில்லாததால், கிழக்கிலிருந்த பிரெசிடென்ட் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்குவோரின் ரயில் பெட்டிகளைக் குதிரைகளைப் பூட்டி இந்த நிலையத்துக்கு இழுத்துவருவார்கள். 1861 பிப்ரவரியில், கொலைச் சதி பற்றிய எச்சரிக்கைக்குப் பின், பதவியேற்கச் சென்ற ஆபிரகாம் லிங்கன் இரவோடு இரவாக இவ்வழியே மறைவாகக் கடந்துபோனார். இரு மாதங்கள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, கேம்டன் நிலையத்தை நோக்கி வந்த மாசச்சூசெட்ஸ் படையினரைத் தென்மாநில ஆதரவாளர்கள் பிராட் தெருவில் தாக்க, படைவீரரும் பொதுமக்களும் மாண்டனர். உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில் உயிர்களைப் பலிகொண்ட மோதல்களில் அது ஒன்று. பேஸ்பாலின் மிகப் பெரிய பெயரும் இந்த மண்ணைச் சேர்ந்ததுதான். பேப் ரூத் 1895இல் பிறந்த வீடு சில தெருக்கள் தள்ளி இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய தந்தை நடத்திய மதுக்கடை, இன்றைய வெளிக்களம் இருக்கும் இடத்தில் இருந்தது. வாயிலருகே 1995இல் நிறுவப்பட்ட ரூத்தின் சிலை, இடக்கை ஆட்டக்காரரான அவர் கையில் வலக்கையரின் கையுறையைக் கொடுத்திருக்கிறது. பேஸ்பால் ரசிகர்கள் இதைச் சுட்டிக்காட்டாமல் அந்தச் சிலையைக் கடப்பதில்லை.

1992 ஏப்ரல் 6 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் முதல் பந்தை எறிய மைதானம் திறக்கப்பட்டது. ஓரியோல்ஸின் ரிக் சட்கிளிஃப் கிளீவ்லாந்து அணிக்கு ஒரு ஓட்டமும் தராமல் ஆட்டம் முழுவதும் பந்தெறிய, இரண்டு மணி இரண்டு நிமிடத்தில் 2-0 என்று முடிந்தது. முந்தைய ஆண்டு மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 25 லட்சம். புதிய மைதானத்துக்கு முதலாண்டில் வந்தவர்கள் 35 லட்சத்துக்கும் மேல்.

அங்கு நிகழ்ந்தவற்றுள் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 1995 செப்டம்பர் 6 அன்று கால் ரிப்கன் இடைவிடாது ஆடிய தம் 2,131ஆவது ஆட்டத்தில் லூ கெரிக்கின் சாதனையைக் கடந்தார். ஐந்தாம் இன்னிங்ஸின் நடுவே ஆட்டம் சட்டப்படி நிறைவுற்றதாகக் கருதப்படும் கணத்தில், கிடங்கின் சுவரில் தொங்கிய பிரம்மாண்ட எண்களில் கடைசி இலக்கம் மாறியது. இருபது நிமிடங்களுக்கும் மேலாகக் கைதட்டல் ஓயவில்லை. ரிப்கன் மைதானத்தைச் சுற்றி ஓடி ரசிகர்களின் கைகளைத் தொட்டார். முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே கைவிடப்பட்டு மக்கள் வெறுத்துப்போயிருந்த நேரத்தில், பேஸ்பாலுக்கு அந்த இரவு பெரிய ஆறுதல். மற்றது 2015 ஏப்ரல் 29. போலீஸ் காவலில் காயமடைந்து ஃபிரெட்டி கிரே என்ற கறுப்பின இளைஞர் இறந்ததைத் தொடர்ந்து நகரம் கொந்தளித்திருந்தபோது, பார்வையாளர் எவரையும் அனுமதிக்காமல் சிகாகோ ஒயிட் சாக்ஸுடனான ஆட்டம் நடத்தப்பட்டது. பெரு லீக் வரலாற்றில் அது முதல்முறை. ஓரியோல்ஸ் 8-2 என்று வென்றது. நகரின் நடுவில் மைதானம் அமைவது என்றால் நகரின் துயரத்திலும் அது பங்குபெற்றாகவேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து மைதானத்துக்கு இந்தச் சங்கடம் நேர்ந்திராது.

வெற்றியைக் கண்ட மற்ற நகரங்கள் சும்மா இருக்கவில்லை. கிளீவ்லாந்து 1994இலும் டென்வர் 1995இலும் சான் ஃபிரான்சிஸ்கோ 2000இலும் பிட்ஸ்பர்க் 2001இலும் நகர மையத்திலோ அதனை ஒட்டியோ புதிய மைதானங்களைத் திறந்தன. ஆற்றையும் பாலத்தையும் வானளாவிகளையும் கண்முன் நிறுத்தும் பிட்ஸ்பர்க்கும், வலப்புறச் சுவருக்கு அப்பால் வளைகுடா நீரையே வைத்துக்கொண்ட சான் ஃபிரான்சிஸ்கோவும் கேம்டன் யார்ட்ஸின் பாடத்தைச் சரியாகப் படித்தவை. வேறு சில, செங்கல் பூச்சையும் பச்சை இருக்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டன. சுற்றிலும் வெட்டவெளி இருக்க, எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல் சுவரைக் கோணலாக வளைத்தவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பணக் கணக்கைத் தவிர்த்துவிட்டு இம்மைதானத்தைப் புகழ்வது நேர்மையாகாது. விளையாட்டுப் பொருளியலாளர்கள் ரோஜர் நோலும் ஆண்ட்ரூ சிம்பலிஸ்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், வெளியூர்ப் பணத்தை ஈர்ப்பதில் மிகவும் வெற்றிபெற்ற மைதானம் என்று இதையே குறித்தார்கள். வாஷிங்டனிலிருந்தும் அதன் புறநகர்களிலிருந்தும் பெருங்கூட்டம் வந்ததே காரணம். அப்படியிருந்தும், வேலைவாய்ப்பாகவும் வரியாகவும் பால்டிமோருக்கு ஆண்டுதோறும் கிடைத்த நிகர ஆதாயம் சுமார் 30 லட்சம் டாலர்தான் என்றும், 20 கோடி டாலர் முதலீட்டுக்கு அது பெரிய பலன் அன்று என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மிகச் சிறந்த மைதானத்துக்கே இந்தக் கணக்கு என்றால் மற்றவற்றின் நிலை என்ன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2005இல் வாஷிங்டனுக்கே ஓர் அணி வந்துவிட்டதால் அந்த வெளியூர்க் கூட்டமும் குறைந்தது. 2018இல் ஓரியோல்ஸ் 115 ஆட்டங்களைத் தோற்றது. மறு ஆண்டு முழுப் பருவத்துக்கும் வந்தவர்கள் 13 லட்சம் பேர் மட்டுமே. அழகான மைதானம் கூட்டத்தை அழைத்துவரும். தோற்கும் அணி அதை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

நகரத்தோடு இணைந்திருப்பதன் விலை 2008இலும் தெரிந்தது. அருகே எழுந்த பெரிய ஹோட்டல், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் அதுவரை கண்டுவந்த நகரக் காட்சியையும், 1911ஆம் ஆண்டின் புரோமோ செல்ட்ஸர் மணிக்கூண்டையும் பெருமளவு மறைத்துவிட்டது. களத்துக்குள்ளும் மாற்றங்கள் வந்தன. ஹோம் ரன்கள் மிகுதியாகப் போகின்றன என்று கருதிய நிர்வாகம், 2022இல் இடப்புறச் சுவரைச் சில இடங்களில் 26 அடிவரை பின்னே தள்ளி, உயரத்தையும் 13 அடியாக்கியது. வலக்கை ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பக்கம் திடீரென்று பாலைவனமாயிற்று. சொந்த அணியின் மட்டையாளர்களையே அது தண்டித்ததால், 2025 பருவத்துக்கு முன் சுவரை மீண்டும் உள்ளே கொண்டுவந்து தாழ்த்தினார்கள். இந்த மாற்றங்களில் தெருவும் கட்டடமும் வகுத்த வலப்புறத்தை எவரும் தொடவில்லை. கணக்குப் போட்டு மாற்றியதெல்லாம் இடப்புறத்தைத்தான்.

2022இல் மாநிலம், இந்த மைதானத்துக்கும் பக்கத்திலுள்ள கால்பந்து அரங்கத்துக்கும் தலா 60 கோடி டாலர்வரை புதுப்பிப்புக் கடன் திரட்ட அனுமதித்தது. 2023 டிசம்பரில் கையெழுத்தான 30 ஆண்டுக் குத்தகை அணியை ஊரில் கட்டிவைத்தது. 2024இல், பால்டிமோரிலேயே பிறந்த டேவிட் ரூபன்ஸ்டைன் தலைமையிலான குழு 172.5 கோடி டாலர் மதிப்பில் அணியை வாங்கியது. குத்தகையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மைதானத்தைச் சுற்றியுள்ள அரசு நிலத்தை மேம்படுத்தும் திட்டத்துக்கு 2027 முடிவதற்குள் மாநிலத்தின் ஒப்புதல் கிடைக்காவிட்டால், 15 ஆண்டுகளிலேயே விலகிக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு.